இறப்புக்கான காரணம்

வின்னிபெக், ஜனவரி, மைனஸ் முப்பத்தொன்று.
நான்காவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை;
அது என் துறை இல்லை.
கருவிப்பெட்டியோடு ஏறினேன்,
இரண்டாம் மாடியில் ஒருமுறை நின்று.

கதவைத் திறந்தவள் மரிவிக்.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவு வேலை,
கண்ணுக்குக் கீழே அதன் ரசீது.
வீட்டுக்காரர் டூக் எனக்கு முன்பே வந்து
சமையலறை நாற்காலியில் இருந்தார்,
கோட்டைக் கழற்றாமல்.
"இந்தக் குளிரில் ஃப்ரிட்ஜ் எதற்கு?
ஜன்னலைத் திறந்தால் போதாதா?"
சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.
நான் சிரிக்க வேண்டுமாம்.

இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிப் பார்க்கிறேன்:
இந்த ஊரில் ஃப்ரிட்ஜ்
குளிர வைக்கும் பெட்டி இல்லை,
குளிரை வெளியே நிறுத்தும் பெட்டி.
பால்கனியில் வைத்த பால் செங்கல்லாகும்.
முட்டை தன் ஓட்டைத் தானே உடைத்துக்கொள்ளும்.

மரிவிக் வாதாடவில்லை.
ஜன்னலுக்கு அழைத்துப் போனாள்.
இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே
ஒரு கம்பளிக் காலுறை, அதற்குள்
மகனுடைய இன்சுலின், மூன்று மாதத்துக்கு.
பக்கத்தில் மீன்தொட்டி வெப்பமானி.
பகலில் நான்கு டிகிரி, பரவாயில்லை.
இரவில் இறங்கும்.
வேலை நடுவே ஃபோன் செய்வாள்.
பத்து வயது நெஸ்டர் எழுந்து பார்த்து
எண்ணைச் சொல்வான்,
தேவைப்பட்டால் காலுறையை
உள்ளே எடுத்து வைப்பான்.
இப்படி ஒன்பது இரவு.

ஃப்ரிட்ஜை இழுத்துப் போட்டேன்.
பின்னால் தூசி, ஒரு லெகோ துண்டு,
யாருடையதோ என்று தெரியாத சாவி.
கம்ப்ரசரில் காதை வைத்தேன்.
டக்.
கொஞ்சம் மௌனம்.
டக்.
வாழ்ந்து கெட்டவன் கடன் கேட்க வந்து
கதவைத் தட்டுவது போல.

என் படிவத்தில் இரண்டே கட்டம்.
தேய்மானம். தவறான பயன்பாடு.
முதலாவதில் குறித்தால் டூக் வாங்கித் தர வேண்டும்,
இரண்டாவதில் குறித்தால் அவள்.
"கதவை அடிக்கடி திறந்திருப்பாள்," என்றார்,
அவள் அங்கே நிற்காதது போல.
"பையன் இருக்கிறான் பாருங்கள்."
கதவு திறப்பதற்குத்தானே, என்றேன்.
"ஒப்பந்தத்தில் ஃப்ரிட்ஜ் என்றுதான் இருக்கிறது.
ஓடும் ஃப்ரிட்ஜ் என்று யார் எழுதினார்கள்?"

அவர் கெட்டவர் இல்லை.
போன மாதம் கொதிகலன் வெடித்து
சேமிப்பைத் தின்றுவிட்டதாகக் கேள்வி.
அதற்கும் என்னிடம் கட்டம் இல்லை.
முதலாவதில் குறித்தேன்.
பேனா உறைந்திருந்ததால்
மூச்சுக்காற்றில் சூடாக்கி, இரண்டு முறை.

வெள்ளிக்கிழமை மறுபடி அதே விலாசம்.
"மாற்றித் தந்துவிட்டார்," என்றாள் மரிவிக்,
குரலில் நன்றி சொல்லவும் முடியாமல்.
வெள்ளை நிறம். வலது தோளில் ஒரு நசுங்கல்.
அந்த நசுங்கலை எனக்குத் தெரியும்.
காய்கறித் தட்டை உருவினேன்.
அடியில் பென்சிலில் என் கையெழுத்து:
தேதி, 'முடிந்தது', ஓரெஸ்ட்.
இரண்டு வருடம் முன்பு,
இதே கட்டடம், கீழ்வீடு.
நான் சான்று எழுதிய பிணம்
நிலவறையிலிருந்து எழுந்து
லிஃப்ட் இல்லாமல் நான்கு மாடி ஏறியிருக்கிறது.

படிவத்தை வெளியே எடுக்கவில்லை.
டூக்கை ஃபோனில் பிடித்தேன்,
ஒலிபெருக்கியைப் போட்டு
கம்ப்ரசர் பக்கத்தில் வைத்தேன்.
டக்.
எங்கள் மூவருக்கும் அவருக்குமாக மௌனம்.
டக்.
அவர் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.
பிறகு, வெகுநேரம் கழித்து,
"எவ்வளவு?" என்றார்.

ஜன்னலோரம் நின்ற நெஸ்டர்
தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து
குனிந்து பார்த்துச் சொன்னான்:
"இரண்டரை. இறங்குது."