பன்னிரண்டாம் ஆள்

இன்பநாதன் ஒருவனல்லன், இருவர்.
தேர்வுக்குழுவின் சிங் ஒருமுறை
கறிபஃப் துகளைச் சட்டையிலிருந்து தட்டியபடி சொன்னார்:
"அவன் இருந்தா ஒரு பேட்ஸ்மேன் மிச்சம், ஒரு பௌலர் மிச்சம்."
அந்த மிச்சம் நான்.

பதினான்கு ஆண்டு
பந்தாய்த் திடலில் குளிர்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தேன்.
முதுகுக்குப் பின்னால் கெரிஞ்சிக்குப் போகும் ரயில்,
சன்னலோரத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத ரயில்.
கீழே ஆடுவது அவர்களுடைய நாடு என்று
யார் போய்ச் சொல்வது?

முதல் ஆட்டம் ஹாங்காங்கோடு.
ஏழாவதாக இறங்கி நாற்பத்தொன்று,
அப்புறம் புதுப்பந்தில் மூன்று.
மறுநாள் காலை எட்டு மணிக்கு
செந்தூலில் மின்கம்பத்தின் உச்சியில் இருந்தான்.
கீழே நின்ற மலாய்க்காரம்மா கேட்டாராம்,
கரண்ட் எப்போது வரும் என்று.
"ஆறு ஓவரில்" என்றானாம்.

தண்ணீர் இடைவேளையில்
என் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டுவான்.
கையுறையோடு மூடி திருக வராது.
அரைத் திருகு திறந்து கொடுப்பேன்.
பதினான்கு ஆண்டு, அரைத் திருகு.
கோப்பையைத் தூக்கிய படத்தில்
இடது ஓரம் ஒரு துண்டின் நுனி தெரியும்.
துண்டைப் பிடித்திருக்கும் கை என்னுடையது.

இருபத்தெட்டில் அவனுக்குத் தோள் போனது.
இடக்கையில் கரண்டி பிடித்துச் சோறு தின்றான்.
வலைப்பயிற்சிக்கு வந்து, ஒன்றும் பேசாமல்,
பந்து பொறுக்கிப் போட்டுவிட்டுப் போவான்.
நான், இதை எழுதித்தான் ஆகவேண்டும்,
அந்த மூன்று மாதமும் நன்றாகத் தூங்கினேன்.

நான்காம் மாதம் சுழல் வீசிக்கொண்டு வந்தான்.
ஓட்டம் ஐந்தடியாகச் சுருங்கியிருந்தது.
ஆள்காட்டி விரலில் தோலுரிந்து
புது இளஞ்சிவப்பு.

நேபாளத்தோடு ஆடியபோது ஹஃபீஸுக்குத் தொடை பிடித்துக்கொண்டது.
உள்ளே ஓடினேன்.
இன்பாவின் மூன்றாம் பந்து, எல்லைக்கோட்டருகே,
வயிற்றோடு அணைத்துப் பிடித்தேன்.
அவன் ஓடி வந்து என் தலைமயிரைக் கலைத்தான்.
அன்றிரவு மதிப்பெண் புத்தகத்தில் தேடினேன்:
பிடி, மாற்று. பந்து, இன்பநாதன்.
மாற்று.
என் அப்பா வைத்ததைவிடச் சின்னப் பெயர்.

கடைசி ஆட்டம் ஓமானோடு.
அவன் கணக்கில் தொண்ணூற்றொன்பது.
அன்றைக்கும் யாருக்கோ ஏதோ பிடித்துக்கொண்டது,
அன்றைக்கும் நான் உள்ளே.
நாலு மணி வானம் ஈயமாக இருந்தது.
மட்டையின் மேல்விளிம்பில் பட்டுப் பந்து ஏறியது, ஏறியது,
ரயிலைத் தாண்டி, அடுக்குமாடியில் காய்ந்த துணிகளைத் தாண்டி.
எனக்கு நேரம் இருந்தது.
அதுதான் சங்கடம்.
இத்தனை நேரம் யாரும் எனக்குக் கொடுத்ததில்லை.

பந்து வந்தது. இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவே
ஒரு தபால்காரனைப் போல
வாசலில் நின்றுவிட்டுப் போனது.

அடுத்த பந்துக்குள் மழை.
கோலாலம்பூர் மழை யாரையும் கேட்டுக்கொண்டு வராது.
தார்ப்பாயை இழுத்தோம். ஆறரை மணிக்கு நடுவர்
கையை விரித்தார். முடிவில்லை.

விட்ட பந்துக்குப் புத்தகத்தில் கட்டம் கிடையாது.
பிடித்தபோதும் நான் அங்கே இல்லை,
விட்டபோதும் இல்லை.
பதிவுகளைப் புரட்டுகிற எவனோ ஒருத்தன்
ஒன்று குறைகிறதே என்று
ஒரு நொடி நின்றுவிட்டுப் போவான்.

ராத்திரி மாமாக் கடையில்
இன்பா தோசையைப் பிய்த்துக்கொண்டே கேட்டான்,
"மேகமா?"
"மேகந்தான்."
தொலைக்காட்சியில் எங்கோ ஐரோப்பாவில் கால்பந்து.
கடையே திரும்பிக் கத்தியது.
திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்
என் பக்கம் கையை நீட்டினான்.

கையுறை இல்லாத கை, நகத்தில் இன்னும் திடலின் சேறு.
பாட்டிலை எடுத்தேன்.
முழுக்கத் திறப்பதா என்று ஒரு கணம் யோசித்தேன்,
பிறகு அரைத் திருகு.