ஆறு வாரம்

மனநலப் பிரிவு, ஆறு வாரம்.
பட்டியலைப் பார்த்து டெவின் சொன்னான்:
"உனக்கு லீவு."
அவனுக்கு எலும்பு அறுவை. ரம்பம், சுத்தியல், நிஜமான ரத்தம்.
நானும் சிரித்தேன், கொஞ்சம் அதிகமாகவே.

வினிபெக், மைனஸ் முப்பத்தொன்று.
நான்காம் மாடியில் இரண்டு கதவுகள்;
ஒன்று பூட்டினால்தான் மற்றது திறக்கும்.

திருமதி கோவல்சுக், பஸ் ஓட்டியவர்,
ஒன்பது நாளாகத் தூங்காதவர்,
என் கேள்வித்தாளை நகர்த்திவிட்டுக் கேட்டார்:
"பச்சை மஃப்ளர் எங்கே?
போன ஜனவரி, கடைசி வண்டி.
பின்சீட் கண்ணாடியில் நெற்றியை முட்டுக்கொடுத்து
நீ அழுது முடிக்கட்டும் என்று
பெம்பினா சாலையை இன்னொரு தடவை சுற்றினேனே."

சீனியர் டாக்டர் என் பக்கம் திரும்பவில்லை.
"இல்லாத ஞாபகமும் வரும் இவர்களுக்கு,
குறித்துக்கொள்."

தோற்றம். பேச்சு. மனநிலை.
நினைவாற்றல் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
துல்லியம் என்று எழுதினால்
உனக்கெப்படித் தெரியும் என்பார்கள்.

'சோதிக்கவில்லை.'

லாக்கரைத் திறந்தேன்.
பச்சைக் கம்பளி, மடித்தபடி.
அப்படியே மூடிவிட்டு
நிறுத்தத்தில் போய் நின்றேன்,
கழுத்தெல்லாம் காற்று.