அந்த ஒரு அடி

அஸ்தம்பட்டியில் மருந்துக்கடைக்கு மேல் மாடி.
செவ்வாய்தோறும் நாலு மணி.
போகாவிட்டால் ஜாமீன் போய்விடும்,
அதனால் போகிறேன்.

பேசவிட்டால் நான் ஜெயித்துவிடுவேன் என்று
மெர்சி பியூலாவுக்கு முதல் வாரமே தெரிந்துவிட்டது.
குரலைத் தாழ்த்தி, சரியான இடத்தில் நிறுத்தி,
கண்ணோரம் நனைய நான் சொன்ன அப்பா கதைக்கு
அவள் பேனாவையே திறக்கவில்லை.
“செருப்பைக் கழற்றுங்க” என்றாள்.

அன்றிலிருந்து பேச்சே இல்லை.
உள்ளங்காலில் தரை எங்கே படுகிறது,
மூச்சு எந்த விலாவில் முட்டித் திரும்புகிறது.
தொடைமேல் ஐந்து கிலோ ஜவ்வரிசி மூட்டையை வைத்து
கனம் தெரிகிறதா என்பாள்.
தெரிகிறது என்பேன். பொய்.
செவ்வாய்பேட்டையில் மூட்டை என்ன விலை என்று
கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

தவணை தவறிய வண்டிகளைத் தூக்குவது என் தொழில்.
கொண்டலாம்பட்டி ரவுண்டானாவில் ஒருத்தன்
பெட்ரோல் டேங்க் மேல் பிள்ளையை வைத்துக்கொண்டு வந்தான்.
பிள்ளையை இறக்கி ரோட்டோரம் நிறுத்திவிட்டுச்
சாவியைத் திருகினேன். அவன் குறுக்கே வந்தான்.
மீதி குற்றப்பத்திரிகையில் இருக்கிறது.
அப்போதும் என் நாடி எழுபதைத் தாண்டியிருக்காது.
இதைப் பெருமையாகத்தான் சொல்லிவந்தேன்.

போன வாரம் தாரமங்கலத்து அங்கமுத்துவை
எனக்கு எதிரே நிறுத்தினாள்.
அவனும் கோர்ட் அனுப்பியவன்தான்.
“அவர் நடந்து வருவார்.
வயிறு இறுகினா கையைத் தூக்குங்க.”
மூக்கோடு மூக்கு முட்டும்வரை வந்தான்.
என் வயிறு அதுபாட்டுக்குக் கிடந்தது.

பிறகு நான் நடந்தேன்.
மூன்றடி தள்ளியே கையைத் தூக்கிவிட்டான் அந்தத் தடியன்.
நின்றேன்.
இல்லை,
இன்னும் ஒரு அடி வைத்துவிட்டுத்தான் நின்றேன்.
அவ்வளவு கிட்டத்தில்
அவன் தொண்டைக்குழி துடித்தது,
அறுந்த பல்லிவால் மாதிரி.

“அந்த ஒரு அடி எங்கிருந்து வந்தது?”
“காலிலிருந்து” என்றேன், கிண்டலாக.
அதை மட்டும் எழுதிக்கொண்டாள்.

இன்று ஏற்காடு அடிவாரத்தில் ஒரு ஸ்கூட்டி.
மூன்று தவணை பாக்கி.
அந்தப் பெண் கெஞ்சவில்லை, திட்டவில்லை.
கையை மட்டும் தூக்கினாள்.
என் வலது குதிகால் தரையைவிட்டு எழும்பி
அங்கேயே நின்றது,
மேலே போகிற பஸ் கியரை மாற்றி
முதல் வளைவில் மறையும்வரை.

இரக்கம் என்று யாரும் எழுதிக்கொள்ள வேண்டாம்.
வண்டியோடுதான் திரும்பினேன்.
ஆனால் கெண்டைக்கால் சதை
இன்னும் பிடித்துக்கொண்டே இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை
இதை அவளிடம் சொல்வதா,
இல்லை, இதையும் விற்பதா,
பார்க்க வேண்டும்.