மூன்றாம் நட்சத்திரம்

கோத்தகிரியில் உறைபனி இறங்கிய காலை.
மருந்தக ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது.
குனிந்து உள்ளே வந்தாள் அன்னக்காமு.
பல் விளக்கினால் பிரஷ்ஷெல்லாம் ரத்தம் என்றாள்.
முக்காட்டை விலக்கிக் காட்டினாள்:
கூடைக் கயிறு பதியும் நெற்றியில்
குறுக்கே ஓர் இழுப்பு, நாவற்பழ நிறத்தில்.

போன மாதம் கோவையில் பொருத்திய உலோக வால்வு
அவள் பேச்சை நிறுத்தும்போதெல்லாம் கேட்டது,
கைக்கடிகாரத்தைத் துணியில் சுற்றி வைத்தாற்போல.

அஞ்சு மில்லி வார்ஃபரின், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின்.
எண்ணி உறையில் போட்டவை என் விரல்கள்.
புத்தகப்படி சரி. எடைப்படி சரி.
மூன்றில் நிற்க வேண்டிய ஐ.என்.ஆர்.
எட்டு என்றது ஆய்வகச் சீட்டு.

டாக்டர் போஜராஜ் கொஞ்சமாக வைட்டமின் கே கொடுத்துப்
படுக்க வைத்தார். கேட்டுப் பார்த்தார்:
கீரையைத் திடீரென்று நிறுத்தினாயா, நாட்டு மருந்தா,
கால்வலிக்குக் கடையில் வாங்கிய மாத்திரையா?
எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள், இல்லையென்று.
கடைசியில் அவள் ரத்தம் இரண்டு மில்லி
ஐஸ்பெட்டிக்குள் உட்கார்ந்து
மேட்டுப்பாளையம் பஸ்ஸில் இறங்கிப் போனது.

மூன்று வாரம் கழித்துப் பதில். அன்றைக்கு மழை.
ஸ்டோர் ரூம் ஜன்னலோரம்
குளுக்கோஸ் பெட்டிகள்மேல் ஏறி உட்கார்ந்தால்
இரண்டு கோடு சிக்னல் கிடைக்கும்.
அங்கிருந்துதான் திறக்கிறேன்,
மருந்துக்கும் மரபணுவுக்கும் பொருத்தம் பார்க்கும்
தரவுத்தளத்தை.
கோடீன்: ஒருத்திக்கு வெறும் தண்ணீர்,
இன்னொருத்திக்கு மூச்சு நிற்கும் அளவு.
கார்பமசிபின்: சிலருக்குத் தோல் தீயில் பட்டதுபோல் உரியும்.
வார்ஃபரின் என்று தட்டினேன்.
மஞ்சு ஒரு கோட்டைத் தின்றது. காத்திருந்தேன்.
வந்தது: சிப் டூ-சி-நைன்.
சான்று நிலை, ஆக உயர்ந்தது.
பெயருக்குப் பின்னால் ஒரு நட்சத்திரக் குறி,
அதை ஒட்டி ஓர் எண்.

"உங்களுக்கு ஒண்ணாம் நட்சத்திரமும் மூணாம் நட்சத்திரமும்."
"நான் பூரட்டாதி."
"இது வேற. ஈரலுக்குள்ள இருக்கறது.
ஒண்ணு அம்மா தந்தது, ஒண்ணு அப்பா.
ஒண்ணாவது ஒழுங்கா வேலை பாக்குது.
மூணாவது சோம்பேறி,
மருந்த வெளியேத்தாம அப்படியே தேக்கி வைக்குது."
"சோம்பேறின்னா அப்பாதான்,"
என்றாள் யோசிக்காமல்.

இன்னும் கீழே இறக்கினேன்.
எந்த மக்களிடம் எத்தனை பேருக்கு என்றொரு பட்டியல்.
தெற்காசியாவுக்கு ஒரே ஒரு கட்டம்.
லாகூரும் டாக்காவும் கண்டியும்
மஸ்கெலியாவில் பிறந்து
தலைமன்னாரில் கப்பலேறி இந்த மலைக்கு வந்த இவளும்
குளிருக்கு நெருங்கி அதே கட்டத்தில்.

"என் பேரு இருக்கா அதுல?"
"யார் பேரும் இருக்காது. நட்சத்திரம் மட்டுந்தான்."
"பேரு சொல்லாம எப்படி அர்ச்சனை பண்றாங்க?"

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
அங்கேயே தங்கிவிட்ட அண்ணன் ஒருவன், சின்னராசு.
அவனுக்கும் நெஞ்சுதான்,
அவனுக்கும் ரத்தம் நீர்க்க ஒரு மாத்திரை.
பதினோராம் நாள் மூக்கு வழியாக நிற்கவேயில்லையாம்.
செய்வினை என்று சொல்லி
யாரோ ஒருத்தி வீட்டு வாசலில்
மண்ணை வாரித் தூற்றினார்களாம்.
"அந்தப் பொம்பளை இப்ப உசுரோட இருக்காளோ என்னவோ."
திரையில் அவனைத் தேட ஓர் இடம் இல்லை.
அவளைத் தேடவும்.

சிக்னல் போய்விட்டது.
டாக்டர் எழுதிய புது அளவு: இரண்டு, மறுநாள் இரண்டரை.
அரை மில்லி மாத்திரை எங்களிடம் கிடையாது.
வெள்ளை டைல்ஸ்மேல் வைத்து
புது பிளேடால் ஒரு மில்லியைப் பிளந்தேன்.
முதலாவது நேராக உடையவில்லை, தூக்கிப் போட்டேன்.
இரண்டாவது சரியாக வந்தது.
உறையில் கிழமைகளை எழுதிக்கொண்டிருக்கையில்
விரலை நாக்கில் தொட்டு
டைல்ஸ்மேல் சிந்திய தூளை ஒற்றி எடுத்தாள்,
சர்க்கரையை எடுப்பதுபோல.
"வீணாப் போகுதே, இதையும் போட்டுக்கவா?"

வேண்டாம் என்றேன்,
வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்குமளவுக்கு.