ஒன்றரை

பதினேழு வருஷம் வார்டில்.
பிறகு ட்ரூரோவில், இரண்டாம் மாடியில்,
கம்பளம் விரித்த அறையொன்றில்
நரம்பு நோய்களுக்குப் பணம் பிரிக்கும் வேலை.
சீருடையைத் திருப்பிக் கொடுத்த அன்று
மார்பில் தலைகீழாய்த் தொங்கிய கடிகாரத்தை மட்டும்
கொடுக்கவில்லை.
கைப்பையில் சாவிகளோடு உரசிக் கிடக்கிறது.

"இப்போது எதைத் தொட்டுப் பார்க்கிறாய், மொர்வென்னா?"
பழைய வார்டுத் தோழி செனாரா கேட்டாள்,
கேலியாகத்தான்.
கட்டங்களை, என்றேன்.
மேலிருந்து கீழே கூட்டினால் ஒரு தொகை,
இடமிருந்து வலம் கூட்டினால் வேறொன்று.

ஜோரி ஆங்வின் பள்ளிப் பேருந்து ஓட்டியவர்.
பார்க்கின்சன்ஸ்.
இடுப்பு முறிந்து எலும்பு வார்டில் கிடந்தார்.
எட்டு மணி மாத்திரை எட்டே முக்காலுக்கு வந்தது.
மருந்து வண்டி வரிசைப்படிதான் நகரும்,
அவர் படுக்கை இருபத்திரண்டு.
அந்த முக்கால் மணி நேரம்
ஓட்ஸ் கஞ்சிக் கரண்டி
கிண்ணத்துக்கும் வாய்க்கும் நடுவே நின்றது.
கண்கள் மட்டும் வண்டியைத் தேடின.
வண்டியைத் தள்ளியவள் நான்.

இதை எந்தக் கட்டத்தில் எழுத?

மூன்று குளிர்காலம் அறிக்கை எழுதினேன்.
'தாமதம்' என்றதை 'மாறுபாடு' என்று திருத்தினார்கள்.
மறுபடி தாமதம் என்றே எழுதினேன்.
பட்டியலில் ஆயிரத்து நானூறு பெயர்.
கேட்டது நான்கு செவிலியர்.

நவம்பர் கூட்டம்.
எதிர்க்கூரையில் ஒரு கடற்பறவை
பிஸ்கட் உறையைக் கிழித்துக்கொண்டிருந்தது.
நிதி பார்க்கும் பெரன் ரோஸ்வார்ன்
(கெட்டவர் இல்லை, அவர் அம்மாவுக்கும் கை நடுங்குகிறது)
கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்:
ஒன்றரை.

அரைச் செவிலியரில் எந்தப் பாதி வரும், என்றேன்.
போனை எடுக்கும் பாதியா,
செயின்ட் ஜஸ்ட் வரை மழையில் காரோட்டும் பாதியா?
மாத்திரை நேரம் தெரிந்த பாதிக்கு
வியாழனும் வெள்ளியும் விடுப்பென்றால்
அந்த இரண்டு நாள் நோய்க்கும் விடுப்பா?
சிரித்தார்கள், குறிப்பெடுத்த பெண்ணும்கூட.
சிரிப்பு குறிப்பில் ஏறவில்லை.

ஒன்றரைக்குக் கையெழுத்துப் போட்டேன்.
ஆம், போட்டேன்.
பூஜ்யம் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தது.
ஆனால் ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கத்தில்,
சலவை விதிக்கும் பார்க்கிங் கட்டணத்துக்கும் இடையில்,
ஒரு வரியை நுழைத்தேன்:
மருந்து நோயாளியின் நேரப்படி,
வண்டியின் வரிசைப்படி அல்ல.
யாரும் அடிக்கவில்லை.
படித்தார்களா, தெரியாது.

ஜோரி போய் ஆறு வருஷம்.
அவர் மனைவி லவ்டே கிறிஸ்துமஸுக்கு அட்டை அனுப்புகிறாள்,
என் பெயரை எப்போதும் ஓர் எழுத்து பிழையாக எழுதி.
அந்த முக்கால் மணி நேரத்தை
அவளிடம் நான் சொன்னதில்லை.

ஏப்ரலில் ஒரு காலை
வேறு வேலையாய் வந்தவள் போல
எலும்பு வார்டு வாசலில் நின்றேன்.
இருபத்திரண்டில் யாரோ ஒரு பெண்,
முழங்கை தலையணையில் உறைந்திருக்க.
மருந்து வண்டி இன்னும் முதல் அறையைத் தாண்டவில்லை.
காது சிவந்த ஒரு பையன், புது நர்ஸ்,
காகிதக் கிண்ணத்தில் ஒற்றை மாத்திரையோடு
வரிசையை வெட்டிக்கொண்டு வந்தான்.
கைப்பைக்குள் துழாவினேன்.
என் கடிகாரம் நாலேகாலில் நின்றிருந்தது,
எந்த நாளின் நாலேகாலோ.
சுவரில் பார்த்தேன்: எட்டுக்கு ஒரு நிமிடம்.

அன்று செவ்வாய்.
வியாழக்கிழமை வந்து பார்க்க வேண்டும்.