துளை போடாமல்

நாலு போல்ட் போதும் என்கிறார் செங்கேணி.
பட்டறை மாசிலாமணி மதியத்துக்குள் வந்து
தளத்தில் துளை போட்டு முறுக்கிவிடுவானாம்.
அப்புறம் சுனாமியே வந்தாலும், என்று ஆரம்பித்தவர்
பாதியில் நிறுத்திக்கொண்டார்.
சிங்காரத்தோப்பில் அந்தச் சொல்லை
யாரும் உவமைக்கு எடுப்பதில்லை.

போட்டில் பாதி செங்கேணிக்கு.
மீதியில் பாதி எஞ்சின் கடைக்காரருக்கு.
அதற்கும் மிச்சமான இடத்தில்
என் வீட்டுக்காரர் உட்கார்ந்து ஓட்டுகிறார்.
ஐஸ் பெட்டி மட்டும் என்னுடையது.
நீலம், இருநூறு லிட்டர்,
மகளிர் குழுக் கடன், இன்னும் ஏழு தவணை.
மூடிக்கு உள்பக்கம் பெயின்டில் எழுதியிருக்கிறேன்:
பூங்காவனம்.
வெளியே எழுதினால் உப்பு தின்றுவிடும்.

போல்ட் போட்ட பொருள் போட்டைச் சேரும்.
எந்தப் பத்திரத்திலும் இப்படி இல்லை,
ஆனால் பங்கு பிரிக்கிற அன்றைக்கு
எல்லார் வாயிலும் இருக்கும்.

அதை நான் சொல்லவில்லை.
"துளை வழியாத் தண்ணி இறங்கும்" என்றேன்.
"ஃபைபருக்கு அடியில இருக்கிற ஃபோம் ஊறிப்போனா
போட்டு கனக்கும்.
டீசல் யாரு போடுறது?"
டீசல் என்றதும்
மாசிலாமணிக்கு போன் போனது, வரவேண்டாம் என்று.

சரி, நீயே கட்டிக் காட்டு என்றார்கள்.

போன ஐப்பசியில் முகத்துவாரத்தில்
மணல்திட்டு தூக்கிவிட்ட அலையில்
பெட்டி சறுக்கி வந்து இவர் முழங்காலில் முட்டியது.
ஐஸும் மீனுமாக நூற்றைம்பது கிலோ.
அந்த நேரத்தில் அது பெட்டி இல்லை, மாடு.

பிறகு லாரியில் சரக்கு கட்டுகிற பெல்ட்.
கிளிக் கிளிக்கென்று நன்றாகத்தான் பூட்டியது.
இருபதே நாளில் அதன் பல்லெல்லாம் துரு.
துறைமுகத்தில் ஏலம் ஏறிக்கொண்டிருக்க
வாய் திறக்காத பூட்டை வைத்துக்கொண்டு
நான் கத்திக்கு ஓடினேன்.
திரும்பி வருவதற்குள்
சங்கரா கூடைக்கு முந்நூறு இறங்கிவிட்டது.

இந்தத் தடவை அடியில் ரப்பர் விரித்தேன்,
பால் வண்டிக்காரர் கழித்துப் போட்டது.
நாலு மூலைக்கும் வேப்பங்கட்டை,
ரெசின் வைத்து ஒட்டியது, ஆணி கிடையாது.
கயிற்றை முதலில் ஆற்றில் முக்கினேன்;
நைலான் நனைந்தால் நீளும்,
நீள்வதைக் கரையிலேயே நீண்டுகொள்ளட்டும்.
வலைக்கென்று ஏற்கெனவே இருந்த வளையங்கள்,
அணியத்தில் இரண்டு, பின்னால் இரண்டு.
மூடிக்கு மேல் குறுக்கே இழுத்து
வேட்டியை இறுக்குகிற மாதிரி இறுக்கி
கடைசியில் உருவு முடிச்சு.
வாலை மட்டும் கைப்பிடிக்குள் செருகினேன்.

"வால இழுத்தா அவுந்துக்குமே" என்றார் செங்கேணி.
ஆமாம். கை இழுத்தால் அவிழும்.
அலைக்கு ஏது விரல்?

அன்று ராத்திரி கொண்டல் அடித்தது.
நான் தூங்கினேன் என்று சொன்னால் பொய்.
முடிச்சை மனசுக்குள் நாலைந்து தடவை
அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினேன்.
இவரைப் பற்றிய பயத்தை
பெட்டியைப் பற்றிய பயமாக வைத்துக்கொள்வது
கொஞ்சம் லேசு.

நாலரைக்கு வந்தார்கள்.
போட்டுக்குள் எல்லாமே இடம் மாறிக் கிடந்தது.
தண்ணீர் கேன் வலைக்கு அடியில்,
செங்கேணியின் ஒரு செருப்பு எஞ்சின் பக்கம்,
இன்னொன்று கடலில்.
பெட்டி வைத்த இடத்திலேயே இருந்தது.
"ராத்திரி அதத்தான் புடிச்சுக்கிட்டிருந்தேன்" என்றார் இவர்,
என்னைப் பார்க்காமல்.

ஏலக்காரர் கூப்பிட்டார். வாலை இழுத்தேன்.
முதல் இழுப்பில் வரவில்லை.
உப்பேறிய கயிறு,
இரண்டாவது இழுப்பில் சரசரவென்று விட்டது.
ஆளுக்கொரு பக்கமாகப் பெட்டியை இறக்கினோம்.

அது இருந்த இடத்தில்
செதில் படாத ரப்பர், நீள்சதுரமாக.
செங்கேணி அதையே பார்த்துக்கொண்டு நின்றார்,
ஒற்றைச் செருப்போடு,
ஏதோ அளவெடுப்பவர் மாதிரி.