இராக்காவல், காங்கயம் ரோடு

பனியன் கம்பெனி கேட்டில்
எனக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி,
ஒரு விசில், மூணு செல் டார்ச்.
உள்ளே அட்டைப்பெட்டிகளில்
பத்தாயிரம் சட்டை தூங்குகின்றன,
எந்த நாட்டு உடம்புக்கோ.

இரண்டு மணிக்குத் தானாக விழிப்புத் தட்டும்.
மேலே அது யானை வருகிற நேரம்.
ராகி பால் பிடிக்கும் மாசத்தில்
பரண்மேல் நானும் மச்சினன் சடையனும்
தகரமும் கையுமாகக் கிடப்போம்.
மூங்கில் முறிகிற சத்தத்தை வைத்தே
கொம்பனா, குட்டியோடு வந்த பிடியா
என்று சொல்லிவிடுவான் அவன்.
"சாமீ, பாதி தின்னு, பாதி விடு"
எங்கள் பேச்சில் கத்துவோம்.
சில ராத்திரி கேட்கும்.

இங்கே விசில் ஊதினால்
சாயப்பட்டறைப் பக்கத்து நாய்தான்
பதில் சொல்கிறது.

சூப்பர்வைசர் சென்னியப்பன் கேட்டார்:
"மலைமேல சொர்க்கமாட்ட இருக்குமே,
எதுக்கப்பா எறங்கி வந்தே?"
சொர்க்கந்தானுங்க, என்றேன்.
பிள்ளைத்தாச்சி மாதியைத் தூளி கட்டி
ஒன்பது மைல் தூக்கி வந்ததைச் சொல்லவில்லை.
ஏழாவது மைலில் தூளி கனத்தது.
எங்கள் நாலு பேருக்கும் தெரிந்தது.
யாரும் யாரிடமும் சொல்லாமல்
ரோடு வரைக்கும் நடந்தோம்.
பஸ் வந்தது.
கண்டக்டர் ஒருதரம் பார்த்தார்,
அவளுக்கு மட்டும் டிக்கெட் கிழிக்கவில்லை.

அப்படியும்
இந்தக் கம்பளியை நான் துவைப்பதில்லை.
பரணடியில் மூட்டிய தீ
இன்னும் ஓரத்தில் கொஞ்சம் மணக்கிறது.
ரூமில் கூட இருக்கிற பையன்கள்
மூக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

போன வாரம் சடையன் போன் போட்டான்.
தார் ரோடு வந்துவிட்டதாம்.
ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நிற்கிறதாம்.
நல்லது, என்றேன். கொஞ்ச நேரம்
இரண்டு பேரும் பேசவில்லை.
விதைக்க ஆளில்லை, கொல்லை முழுக்க
உண்ணிச்செடி, என்றான். பிறகு,
"ஆனா அது வருது மாமா.
பரணுக்குக் கீழ நிக்குது.
தும்பிக்கையை மேல தூக்கி
மோந்து பாத்துட்டுப் போகுது."

தகரம் தட்டினாயா?

"எதுக்கு மாமா? அங்க என்ன இருக்கு காக்க?"

மணி இரண்டே கால்.
லோடு லாரி ஒன்று போகிறது.
நாற்காலியை விட்டு எழுந்து
கேட்டுத் தகரத்தை உள்ளங்கையால்
ஒரே ஒருமுறை தட்டினேன்.

நாய் திடுக்கிட்டு எழுந்து
எந்தப் பக்கம் குரைப்பதென்று தெரியாமல்
என்னைப் பார்த்தது.